அட்மிரலின் ஒன்பதாம் அதிகாரம்

சென்னை, புரசைவாக்கம்
12-2-1956

கர்த்தருக்குள் அன்பான மதினி தேவகிருபை அவர்களுக்கு, கொழுந்தன் ஜேசுதாஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவின் இருமல் தணிந்ததா? போடிப் பனி லேசில் விடாது. காலையில் கடை திறக்கப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. அச்சகத்தில் பிழை திருத்துவதோடு, ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். லூதர் பிராக்டன் என்ற அமெரிக்கக் கடற்படை அட்மிரலின் வாழ்க்கை வரலாறு. அட்மிரல் என்றால் போர்க்கப்பல்களுக்கெல்லாம் தலைவர். இந்த மனிதர் வாங்கிய பதக்கங்களைக் குத்த மார்பில் இடம் போதவில்லையாம். மொத்தம் பதினான்கு அதிகாரம்.

என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். அச்சுக் கோப்பவர் ஒரு தாளைப் பார்த்துவிட்டு, இது தமிழா தெலுங்கா என்று கேட்டார். உங்கள் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். நான் அதிகாரம் அதிகாரமாக அனுப்பினால் நல்ல தாளில் பிரதி எடுத்துத் தருவீர்களா? முதல் இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். முழுக்கக் கடலும் கப்பலுமாகத்தான் இருக்கும். அண்ணன் ஞாபகம் வந்து உங்களுக்குச் சங்கடமாக இருக்குமானால் வேண்டாம், ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அப்பாவுக்கு என் வந்தனம்.

தங்கள் அன்புள்ள
ஜேசுதாஸ்


போடிநாயக்கனூர்
25-2-1956

பிரியமுள்ள தம்பிக்கு, மதினி ஆசீர்வதித்து எழுதுவது. மாமாவும் நானும் கர்த்தர் கிருபையால் சுகம். இருமல் அப்படியேதான் இருக்கிறது, காதை மூடச் சொன்னால் வாயையும் சேர்த்து மூடிக்கொண்டு கோபிக்கிறார்.

உங்கள் அட்மிரல் வந்து சேர்ந்தார். கோழி கிளறிய குப்பையில் அவரைத் தேடி எடுக்கவே எனக்கு நாலு நாள் ஆயிற்று. இரண்டு அதிகாரமும் பிரதி எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாமாவுக்கு வாசித்தும் காட்டினேன். "பேரு லூதரா? அப்ப நம்ம லுத்தரன் சபை ஆளுதான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வயது வரை மக்காச்சோளக் காட்டைத் தவிர எதையும் பார்க்காத பையன் கடற்படைப் பள்ளிக்கூடத்துக்குப் போனான் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடலப் பாக்காதவன்தான் கடலுக்குப் போவான். என் மூத்தவனும் அப்படித்தான போனான். வருவான்" என்றார்.

உங்களுக்குத் தெரியாததை நான் எழுதவில்லை. சண்டைக் காலத்தில் சரக்குக் கப்பலில் கணக்கெழுதப் போனவரைப் பற்றித் தந்தி வந்து பதிமூன்று வருசம். தந்தியைப் படித்துச் சொன்ன போஸ்டாபீஸ்காரர் "காணாமற்போனான்" என்று தமிழில் சொன்னார். அன்றைக்கிருந்து மாமா மனதில் இருப்பது பிரசங்கத்தில் கேட்ட காணாமற்போன குமாரன்தான். அந்தக் குமாரன் திரும்பி வந்தானே, இவன் மட்டும் வரமாட்டானா என்பார். கப்பல் கம்பெனி பம்பாய்க்கு வந்து அவர் இறந்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னபோது, "உசுரோட இருக்கிறவனுக்கு எதுக்குக் கையெழுத்து" என்று கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எனக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிற பொம்பளைகளுக்குக் காவல். கைக்கு வேலை இருக்கிறது, கால்தான் எங்கேயாவது போக வேண்டும் என்கிறது. அட்மிரலோடு கொஞ்சம் ஊர் சுற்றி வருகிறேன். மீதியை அனுப்புங்கள்.

மதினி
தேவகிருபை


சென்னை
20-3-1956

அன்பான மதினிக்கு வந்தனம். உங்கள் பிரதியைப் பார்த்து அச்சகமே மெச்சியது. நான் சுகம், சாப்பாடுதான் சுகமில்லை.

மூன்றும் நான்கும் இத்துடன். முதல் உலக யுத்தத்தில் பிராக்டன் சின்னக் கப்பலொன்றில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் காவல் காத்ததும், எரிகிற எண்ணெய்க் கப்பலிலிருந்து ஆட்களை மீட்டு முதல் பதக்கம் வாங்கியதும் வருகிறது. பிறகு கல்யாணம். மனைவி பெயர் மார்த்தா. ஒரே மகன், ராபர்ட். வீட்டில் தொடர்ந்து மூன்று மாதம் அவர் இருந்ததே இல்லையாம். கரையில் இருந்தால் நடந்துகொண்டே இருப்பார், கப்பலில்தான் தூங்குவார் என்று எழுதியிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது மதினி. சென்னைக்கு வந்தால் அடங்கும் என்று நினைத்தேன், அடங்கவில்லை.

ஒரு சந்தேகம். இவருக்குப் பிற்பாடு 'ரியர் அட்மிரல்' என்று பதவி வருகிறது. 'பின் அட்மிரல்' என்று போட்டிருக்கிறேன். சரியாக இருக்கிறதா?

ஜேசுதாஸ்


போடிநாயக்கனூர்
8-4-1956

அன்புள்ள தம்பிக்கு மதினி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், வெயிலைத் தவிர.

'பின் அட்மிரல்' என்று வாசித்ததும் மாமா, "அப்ப முன்னால போறவன் யாரு? பின்னால நடக்கிறவனுக்கா இம்புட்டுப் பதக்கம்?" என்று கேட்டார். கடையில் இருந்த பொம்பளைகள் சிரித்து ஏலக்காயைக் கொட்டிவிட்டார்கள். 'துணை அட்மிரல்' என்று நானாக மாற்றியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

இப்போது எழுதப் போவதைத் தனியாக இருந்து வாசியுங்கள்.

குரங்கணிக்கு மேலே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கும் தங்கபாண்டியன் என்பவரை நீங்கள் பார்த்ததில்லை. நம் சபைதான். மனைவி காய்ச்சலில் போய் ஆறு வருசம், பிள்ளை இல்லை. எஸ்டேட் லோடு ஜீப்பில் இறங்கும்போதெல்லாம் மாமாவுக்கு இருமல் மருந்து கொண்டுவந்து கொடுப்பார். மலையில் இருந்து இருந்து பாதி மலையாளம் பேசுவார், நாங்கள் கேலி செய்தால் மீதியையும் பேசுவார். போன மாதம் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "எனக்குச் சுத்தி வளச்சுப் பேசத் தெரியாது. உங்களுக்குச் சம்மதம்னா போதகரிட்ட கேக்கிறேன்" என்றார். எனக்குச் சம்மதம், தம்பி. கூசாமல் எழுதுகிறேன்.

போதகர் கேட்டுக்கொண்டார். ஆனால் கல்யாண ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டுமே, உன் புருஷன் இறந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்கிறார். கம்பெனிக் காகிதம் வேண்டும், அதற்கு மாமா கையெழுத்து வேண்டும். அதற்கு முன்னால் மகன் இறந்தான் என்று மாமா ஒப்புக்கொள்ள வேண்டும். அதை அவரிடம் நான் எந்த வாயால் கேட்பேன்? உங்கள் அண்ணனோடு நான் வாழ்ந்தது ஏழு மாதம். இப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. நீங்கள் ஒருமுறை வந்து மாமாவிடம் பேசுங்கள். வேறு யாரிடமும் நான் கேட்பதற்கில்லை.

மதினி
தேவகிருபை


சென்னை
27-6-1956

அன்பான மதினிக்கு வந்தனம். பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். அச்சகத்தில் வேலை தலைக்கு மேல். நான் சுகமே. அப்பாவின் இருமல் எப்படி?

ஐந்திலிருந்து எட்டு வரை நான்கு அதிகாரம் அனுப்புகிறேன். ஐந்தாவது மிக நன்றாக இருக்கிறது. மூடுபனியில் இரண்டு கப்பல்கள் முட்டிக்கொண்ட விசாரணையில், கீழே இருந்தவன்மேல் பழிபோடப் பிராக்டனுக்கு வழி இருந்தது. உத்தரவு கொடுத்தது நான்தான், தப்பு என்னுடையது என்று எழுந்து சொன்னார். அதற்காக ஐந்து வருசம் பதவி உயர்வு இல்லாமல் ஏதோ துறைமுகத்தில் நிலக்கரிக்குக் காவலாகக் கிடந்தார். எட்டாவதில் இரண்டாம் யுத்தம் வந்துவிடுகிறது. பசிபிக் சமுத்திரத்தில் இருநூறு கப்பல் அவர் கையில். மகன் ராபர்ட் நீர்மூழ்கிக் கப்பலில் ஆபீசராகப் போகிறான்.

தாங்கள் எழுதிய காரியத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்பட வேண்டாம் என்பது என் தாழ்மையான எண்ணம். அப்பாவுக்கு வயதாகிறது. கடையையும் அவரையும் யார் பார்ப்பது என்றும் நினைக்க வேண்டியிருக்கிறது.

ஜேசுதாஸ்


போடிநாயக்கனூர்
15-7-1956

தம்பிக்கு. சுகம், சுகத்துக்கு எழுதவும்.

நான்கு அதிகாரமும் பிரதி எடுத்தாயிற்று. பனியில் முட்டிக்கொண்டதற்கே என் தப்பு என்று எழுந்து நின்றவரின் கதையைத் தமிழில் எழுதுகிறீர்கள். ஒரு மதினி கேட்டதற்கு ஆமாம் இல்லை என்று எழுத உங்களுக்கு எண்பது நாள் போதவில்லை.

கடையை யார் பார்ப்பது என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. மாமாவிடமே கேட்டு எழுதுகிறேன்.

சாரல் விடாமல் அடிக்கிறது. ஏலக்காய் காயவில்லை, துணி காயவில்லை, வீட்டுக்குள் நடந்து நடந்து எனக்குக் கால் வலிக்கிறது. தங்கபாண்டியன் ஜீப்பில் வருவதை நிறுத்திவிட்டார். மருந்தை டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறார். ஊர் வாய்க்குப் பயந்து நான்தான் அப்படிச் சொன்னேன். சொன்ன நாளிலிருந்து டிரைவரைக் கண்டால் எரிச்சலாக வருகிறது.

மாமா உங்கள் அட்மிரலின் மகனைப் பற்றித் தினமும் கேட்கிறார். "அந்தப் பையன் ராபர்ட்டு என்னாச்சு? வெரசா அனுப்பச் சொல்லு" என்கிறார். அனுப்புங்கள்.

தேவகிருபை


சென்னை
22-8-1956

அன்பான மதினிக்கு வந்தனம். உங்கள் கோபம் நியாயமே. தீபாவளி விடுமுறையில் வர முயல்கிறேன். வந்தால் நேரில் பேசலாம். இங்கே மலேரியா பரவியிருக்கிறது, எனக்கு ஒன்றும் இல்லை.

பத்தும் பதினொன்றும் அனுப்புகிறேன். ஒன்பதாவது ஆபீசில் சரிபார்ப்புக்குப் போயிருக்கிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கதைக்கு அது அவ்வளவு முக்கியம் இல்லை. சில தீவுகளைப் பிடித்த விவரம்தான். பத்தாவதில் அட்மிரலுக்கு வெள்ளை மாளிகையில் பெரிய பதக்கம் கொடுக்கிறார்கள், அப்பாவுக்குப் பிடிக்கும்.

ஜேசுதாஸ்


போடிநாயக்கனூர்
9-9-1956

தம்பிக்கு மதினி எழுதுவது.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனாலும் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஒன்பது இருப்பது தெரியும்.

எட்டாம் அதிகாரத்தில் மார்த்தா அம்மாள் மகனுக்குக் கம்பளி மேலாடை பின்னுகிறாள். பத்தாம் அதிகாரத்தில் வெள்ளை மாளிகையில் கறுப்பு உடுப்பில் நிற்கிறாள். மகன் பேரே இல்லை. எவ்வளவு பெரிய பதக்கம், புருஷன் பக்கத்தில் நிற்கிறவள் ஒருமுறையாவது சிரித்திருக்க வேண்டாமா? தீவு பிடித்த கதைக்கா கறுப்பு உடுத்துவார்கள்?

ஒன்பதில் அந்தப் பையன் சாகிறான். அதை நீங்கள் எங்களிடமிருந்து ஒளிக்கிறீர்கள். மாமா மனம் உடைந்துபோகும் என்று ஒளித்திருந்தால், அதை எனக்குத் தனியாக எழுதியிருப்பீர்கள். நீங்கள் எழுதவில்லை. நான் இந்த வீட்டில் இருக்கிறவரைக்கும் நீங்கள் சென்னையில் இருக்கலாம். மாமாவுக்குக் கஞ்சி வைக்க, கடையில் உட்கார, கோயிலுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக ஒருத்தி இருக்கிறாள். அவள் போய்விட்டால் நீங்கள் ரயிலேற வேண்டும். வயிறு எரிந்து எழுதுகிறேன், தப்பாக இருந்தால் தப்பு என்று எழுதுங்கள்.

பத்தும் பதினொன்றும் என்னிடம் இருக்கிறது. ஒன்பது வராமல் அது போடியை விட்டுப் புறப்படாது.

தேவகிருபை


சென்னை
7-10-1956

மதினிக்கு.

நீங்கள் எழுதியது தப்பு இல்லை.

ஒன்பதாம் அதிகாரம் இத்துடன் இருக்கிறது. அதன் முதல் வரியில் 'மிஸ்ஸிங்' என்று ஓர் இங்கிலீஷ் சொல் வருகிறது. ராபர்ட்டின் கப்பலைப் பற்றி அட்மிரலுக்கு வந்த செய்தியே அந்த ஒரு சொல்தான். நமக்கு வந்த தந்தியிலும் அதே சொல்தான் இருந்தது. போஸ்டாபீஸ்காரர் சொன்ன மாதிரியே நானும் 'காணாமற்போனான்' என்று எழுதினேன். இங்கே மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் அமெரிக்கர் யுத்தத்தில் கப்பலில் இருந்தவர். இப்படி எழுதினால் தமிழில் என்ன அர்த்தம் வரும் என்று கேட்டார். வழி தவறிப் போனவன், வீட்டை விட்டுப் போனவன், திரும்பி வரக்கூடியவன் என்று சொன்னேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கப்பல் முழுகி, ஆள் முழுகி, உடல் மட்டும் கிடைக்காவிட்டால் கடலில் அதற்கு அந்தச் சொல்தான், வேறு சொல் இல்லை என்றார். ஒரு வருசம் பார்ப்பார்களாம். பிறகு இறந்தான் என்று எழுதிவிடுவார்களாம்.

அது ஏப்ரல் மாதம். உங்கள் கடிதம் வந்த அதே வாரம்.

அப்பாவுக்கு வாசிப்பதும் வாசிக்காமல் இருப்பதும் உங்கள் இஷ்டம். எனக்குத் தைரியம் இல்லை.

ஜேசுதாஸ்


போடிநாயக்கனூர்
28-10-1956

ஜேசுதாசுக்கு அப்பா ஐசக் எழுதுவது. சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய்.

கிருபை வாசித்தாள். முழுக்கக் கேட்டேன். உன் கடிதத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் பதிமூன்று வருசம் ஒரு பெண்ணை நான் வீட்டில் உட்கார்த்தி வைத்திருந்தேன். நான் இங்கிலீஷ் படிக்காதவன். நீ படித்தவன், அர்த்தம் தெரிந்தே அரை வருசம் உட்கார்த்தி வைத்தாய். இதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

பம்பாய்க் கம்பெனிக்கு நான் சொல்கிறபடி இங்கிலீஷில் எழுதி எனக்கு அனுப்பு. "என் மகன் ஆசீர்வாதம் கடலில் இறந்துபோனான் என்று தகப்பனாகிய நான் ஒப்புக்கொள்கிறேன்." இவ்வளவுதான். முன்னும் பின்னும் எதையும் சேர்த்து அழகு பண்ணாதே. நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஐசக்


போடிநாயக்கனூர்
7-1-1957

அன்புள்ள தம்பிக்கு, மதினி புது வருச வாழ்த்துச் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். சுகம் என்று பழக்கத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே எழுதுகிறேன்.

கம்பெனிக் காகிதம் வந்துவிட்டது. நீங்கள் மாமாவுக்கு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் அவர் பதில் போடவில்லை. அதனால் நடந்ததை நான் சொல்கிறேன்.

அன்றைக்கு ஒன்பதாம் அதிகாரத்தை வாசிக்கும்போது மாமா குறுக்கே ஒன்றும் பேசவில்லை. மகன் கப்பலைத் தேடச் சொல்லி அட்மிரல் உத்தரவு கொடுக்காத இடத்தில் மட்டும், "ஏன் குடுக்கலை?" என்று கேட்டார். மற்றவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், என் மகனுக்காக அவர்களை அனுப்ப முடியாது என்று அவர் சொன்னதை வாசித்தேன். ஒரு வருசம் ஆனதும் மார்த்தா அம்மாள் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று அழுததையும், அட்மிரல் தானே போய்க் கோயிலில் சாவு மணி அடிக்கச் சொன்னதையும் வாசித்து முடித்தேன். மாமா தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

"இருநூறு கப்பல் வச்சிருந்தவனுக்கே மகன் கிடைக்கலை" என்றார். "ஒரு தராச வச்சிக்கிட்டு இந்த போடியில உக்காந்திருக்கேன், எனக்கா கிடைப்பான்?"

பிறகு அழுதார். பதிமூன்று வருசத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். உங்கள் அண்ணனுக்காகத்தான் அழுதேன். கோபக்காரர், நல்லவர், ஏழு மாதத்தில் என்னை இரண்டு முறை தேனிக்குக் கூட்டிப்போனார். செத்தவருக்காக அழுவது இவ்வளவு லேசாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாளும் யாருக்காக அழுவது என்று தெரியாமல் அடக்கி வைத்திருந்தேன்.

நவம்பர் கடைசியில் அவருக்காக ஆராதனை நடந்தது. நீங்கள் வரவில்லை. தங்கபாண்டியன் மலையிலிருந்து இறங்கி வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாமா அவரைக் கூப்பிட்டு, "மருந்த இனிமே டிரைவர்கிட்ட குடுத்தனுப்பாத. நீயே கொண்டா" என்றார்.

கடை விசயத்தையும் கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். கேட்டேன். "எனக்கு மகன் ஒருத்தன் உசுரோடதான இருக்கான்? அவன்கிட்டக் கேளு" என்றார். கேட்டாயிற்று. கல்யாணம் ஜனவரி இருபத்துமூன்று, புதன்கிழமை. வருவீர்களா என்று இந்த முறை கேட்கமாட்டேன். தேதியை எழுதிவிட்டேன், போடிக்கு ரயில் இருக்கிறது.

நேற்று முதல் ஓலை வாசித்தார்கள். குரங்கணியில் இருக்கும் தாரமிழந்தவர் தங்கபாண்டியனுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த விதவை தேவகிருபைக்கும் என்று போதகர் வாசித்தார். பெண்கள் பக்கம் உச்சுக் கொட்டும் சத்தம் கேட்டது. பாவம், அவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் அப்படித்தான் வரும். நான் இத்தனை வருசம் சுமங்கலிகள் வரிசையில் நின்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், விதவைகள் வரிசையில் நின்றால் மாமா பார்ப்பார். நேற்றுத்தான் எனக்கென்று ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் எழுந்து நின்றேன், தம்பி. யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்
விதவை தேவகிருபை